இரண்டாவது மணி

எமக்கு அறிமுகமான ஒரு குடும்பம் மாவனல்லைக்கு மேலே மலைச்சரிவில் அமைந்த தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்து வருகின்றது. தந்தை றப்பர் மலையில் பால் வெட்டுபவர். தாயார் கொழுந்து பறிப்பவர். ஒரு மழைக்காலத்து இரவில் அவர்களுடைய மூத்த மகளுக்குப் பிரசவ வேதனை கண்டது. காற்றிலே மரம் முறிந்து கம்பியில் வீழ்ந்தமையால் முதல் நாள் தொட்டே அங்கு மின்சாரம் இல்லை. வீட்டிலிருந்த ஒரேயொரு கைத்தொலைபேசியில் நூற்றுக்கு ஒன்பது வீதமே மின்னேற்றம் எஞ்சியிருந்தது.

1990 என்ற எண்ணைச் சுழற்றினார்கள். அம்புலன்ஸ் சேவையில் மறுமொழி கூறியவர் பொறுமையுடன் விபரங்களைக் கேட்டறிந்து, வண்டி புறப்படுகின்றது என்று சொன்னார். வீட்டாருக்குப் போன உயிர் திரும்பியது. உடனே, கொழும்பிலே வேலை செய்யும் மருமகனுக்குச் செய்தி சொன்னார்கள். கண்டியிலுள்ள அத்தைக்குச் சொன்னார்கள். அத்தை பதறிப்போய் இருமுறை திருப்பி அழைத்தார். வெந்நீர் வைப்பதற்கு வெளிச்சம் வேண்டுமென்று அதே தொலைபேசியின் டோர்ச் விளக்கை எரியவிட்டார்கள்.

இதற்கிடையில் அம்புலன்ஸ் வண்டி பெருவீதியை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறி, வழி மூன்றாகப் பிரியும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. பெயர்ப்பலகை எதுவும் அங்கில்லை. வண்டியில் இருந்தவர் வழி கேட்பதற்காக அந்தத் தொலைபேசிக்கு அழைத்தார். மணி ஒலிக்கவில்லை. ஒன்பது வீதமும் தீர்ந்து, கருவி அணைந்து போயிருந்தது.

“போன் செத்துப் போச்சுங்க ஐயா. அந்த நேரம் எங்க உசிரும் போயிட்டு வந்துச்சு” என்று அந்தத் தாயார் பின்னர் எம்மிடம் கூறினார். சாதாரண தர வகுப்பில் படிக்கும் அவருடைய இளைய மகன் லாந்தரைக் கையிலெடுத்துக்கொண்டு, கொட்டும் மழையில் ஒரு மைல் தூரம் கீழே ஓடி வண்டியைக் கண்டு அழைத்து வந்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்குமோ, நாம் அறியோம். இன்று தாயும் சேயும் நலமாக இருக்கின்றனர். ஆயினும், அன்று இழந்த அரை மணி நேரத்தைப் பற்றி அக் குடும்பத்தில் இன்னும் பேச்சு அடங்கவில்லை.

தந்தையார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “அவசர நம்பருக்கு அடிச்சா சார்ஜை எல்லாம் அது உறிஞ்சிருமாம் ஐயா. அதனாலதான் செத்துருச்சு” என்றார் அவர். லயத்தில் உள்ள பலரும் அதனை ஆமோதித்தனர். இவ்வெண்ணம் அவர்களிடம் மட்டும் உள்ளதன்று. படித்தவர்கள் சிலரும் எம்மிடம் இவ்வாறே கேட்டதுண்டு. இது உண்மையானால், ஆபத்து வேளையில் மக்கள் அழைப்பதற்கே தயங்குவர். உண்மை அன்றாயின், மெய்யான குற்றவாளி தப்பித்துக்கொள்கின்றான். ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

கணக்கு என்ன சொல்கின்றது?

இக்காலத்துத் திறன்பேசிகளுள் பெரும்பாலானவை 4000 முதல் 5000 மில்லி அம்பியர்-மணி கொள்ளளவுடைய மின்கலத்தைக் கொண்டவை. 5000 என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 19 வாற்று-மணிச் சக்திக்குச் சமம். 19 வாற்று-மணி என்றால் என்ன? ஒரு வாற்று வீதம் செலவிட்டால் 19 மணி நேரம் நின்றுபிடிக்கும். இரண்டு வாற்று வீதம் செலவிட்டால் அதில் பாதி நேரம் நின்றுபிடிக்கும் என்பதே பொருள்.

திரை அணைந்திருக்க, காதில் வைத்துப் பேசும் ஒரு அழைப்புக்குக் கணக்கின் பொருட்டு ஒன்றரை வாற்று செலவாகின்றது எனக் கொள்வோம். பத்து நிமிடம் பேசினால் கால் வாற்று-மணி செலவாகும். அது முழு மின்னேற்றத்தில் நூற்றுக்கு ஒன்றரை வீதத்திலும் குறைவு. அன்று அவ்வீட்டில் எஞ்சியிருந்த ஒன்பது வீதம், புதிய மின்கலமாயின், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பேசுவதற்குப் போதுமானது. அவசர எண்ணுக்குப் பேசியதோ நான்கு நிமிடம்.

ஆகவே, அவசர அழைப்பு மின்கலத்தை உறிஞ்சிவிடும் என்பது பிழை. அவசர எண்ணுக்கான அழைப்பும் அத்தைக்கான அழைப்பும் வானொலி அலையில் ஏறிச் செல்லும் வழி ஒன்றே. செலவும் ஏறத்தாழ ஒன்றே. புதிய திறன்பேசிகள் சில, அவசர எண்ணை அழைத்தவுடன் தம்முடைய இருப்பிடத்தைத் தாமே கணித்து உதவி நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுள்ளன. இம்முறை 2014ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஆரம்பமாகி, 2016இல் அன்ட்ரொயிட் கருவிகளிலும் 2018இல் அப்பிள் கருவிகளிலும் இடம்பெற்றது. இவ்வசதியை ஏற்றுக்கொண்ட நாடுகளில் மட்டுமே அது இயங்கும். அதற்காகச் செய்மதிகளின் சமிக்ஞையைத் தேடும் பகுதி சிறிது நேரம் விழித்தெழுகின்றது. அதற்கும் செலவு உண்டு; ஆயினும் அது சில வினாடிக் காரியம்.

அங்ஙனமாயின், ஒன்பது வீதத்தைக் குடித்தவர் யார்? அத்தையின் அழைப்புகள் ஒரு பங்கு; டோர்ச் விளக்கு ஒரு பங்கு. இவையன்றி, எவரும் ஐயுறாத இருவர் உளர். ஒருவர் தூரத்துக் கோபுரம். மற்றவர் வயது முதிர்ந்த மின்கலம்.

தூரத்துக் கோபுரம்

கைத்தொலைபேசி எப்பொழுதும் ஒரே வலிமையுடன் பேசுவதில்லை. அருகே இருப்பவரிடம் நாம் மெல்லப் பேசுகின்றோம். எதிர் மலையில் கொழுந்து எடுப்பவரைக் கூவி அழைக்கின்றோம். கருவியும் அவ்வாறே செய்கின்றது. கோபுரம் அருகில் இருந்தால், “மெல்லப் பேசு, கேட்கின்றது” என்று கோபுரமே கருவிக்குக் கட்டளை அனுப்பும். தூரத்தில் இருந்தாலோ, மலை குறுக்கிட்டாலோ, “உரக்கப் பேசு” என்று சொல்லும். 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசி ஒன்று, துடிப்பின் உச்சத்தில் 2 வாற்று வரை அலையை வெளியிட வல்லது. கோபுரம் மிக அருகில் இருப்பின் அதே கருவி ஒரு வாற்றின் ஆயிரத்திற் சில பங்கோடு அமைதி கொள்ளும். நான்காம் தலைமுறைக் கருவியின் உச்ச வலிமை ஒரு வாற்றில் ஐந்திலொரு பங்கு. எந்தத் தலைமுறையாயினும், உரக்கப் பேசுகின்ற கருவி மின்கலத்தை விரைவாகக் குடிக்கும்.

மாவனல்லைப் பகுதியின் நிலவமைப்பை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் இலகுவில் விளங்கும். பட்டணத்தில், மகா ஓயாப் பாலத்தருகே நின்று பேசுவது வேறு. அரநாயக்கப் பக்கத்து மலைமடிப்பொன்றுள் அடங்கிய லயத்தில் இருந்து பேசுவது வேறு. ஊதுவான்கந்தை போன்ற பாறை மலைகள் அலைக்கு வழிவிடுவதில்லை.

மழைக்காலத்தில் நிலைமை மேலும் மோசமாகின்றது. கோபுரங்களும் மின்சாரத்தையே நம்பி நிற்கின்றன. மின்சாரம் தடைப்பட்டால் அவற்றின் அடியிலுள்ள மின்கலங்கள் சில மணி நேரம் தாங்கும். பின்னர் இயந்திரம் கொண்டு மின்சாரம் ஆக்குதல் வேண்டும். பாதை தடைப்பட்டால் அதற்கு எரிபொருள் கொண்டுசெல்வதும் அரிது. அருகிலுள்ள கோபுரம் அணைந்தவுடன், எமது கருவி அதற்கு அப்பால் உள்ள கோபுரத்தை நோக்கி உரக்கக் கூவத் தொடங்குகின்றது. அதுவும் கேளாவிடில், “எங்கே, எங்கே” என்று எல்லா அலைவரிசைகளிலும் திரும்பத் திரும்பத் தேடுகின்றது. நாம் சட்டைப் பையில் வைத்துவிட்டு, “தொடவேயில்லை, எப்படித் தீர்ந்தது?” என்று வியக்கின்றோம். தேடியே தீர்ந்தது.

இது வெறும் பாடப்புத்தக விஷயம் அன்று. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிறிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடியது; நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமற் போயோ உள்ளனர். அந்நாட்களிலேயே புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயத்தின் மீது மண் சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் மாண்டன. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில், கண்டிப் பெருவீதியோரத்துக் கடையொன்றின் மீது மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் பலியாயின. அதே மாத இறுதியில் வந்த டித்வாப் புயலில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் ஒருங்கே அறுபட்டன. இப்படிப்பட்ட இரவுகளில் ஒரு லயத்திலுள்ள பத்துக் குடும்பங்களுக்கு இரண்டொரு தொலைபேசிகளே உயிரோடு இருக்கும். அக்கருவியில் எஞ்சியுள்ள மின்னேற்றம் அதன் சொந்தக்காரருடையது மட்டுமன்று. அந்த லயம் முழுவதற்கும் பொதுச் சொத்து.

முதிர்ந்த மின்கலம்

இரண்டாவது குற்றவாளி மின்கலத்தின் வயது. பீலியில் நீர் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள். தொட்டி நிரம்பியிருந்தால் ஒரே வேளையில் மூன்று குடங்களை வைத்தாலும் நீர் தாராளமாக விழும். தொட்டி வற்றிய வேளையில், பாசி அடைத்த குழாயில், ஒரு குடத்துக்கு மெல்லிய நூல் போல் வரும். மூன்றாமவர் குடத்தை நீட்டியவுடன் முற்றாக நின்றுவிடும். தொட்டியில் நீர் இல்லாமல் அன்று. வேகமாகத் தர முடியாமையினால்.

லித்தியம் மின்கலமும் இத்தகையதே. நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 4.2 வோல்ற்று அழுத்தம் இருக்கும். மின்னேற்றம் குறையக் குறைய அதுவும் குறையும். பல நூறு முறை மின்னேற்றப்பட்டு முதிர்ந்த மின்கலத்தில் உட்தடை கூடிவிடுகின்றது. தூரத்துக் கோபுரத்தை நோக்கிக் கருவி திடீரென உரக்கக் கூவும்போது, அழுத்தம் ஒரு கணம் சரிந்து, கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அணைந்துவிடுகின்றது. திரையில் பத்து வீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே அணைந்துவிட்டது எனப் பலர் முறையிடுவது இதனாலேயே. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பிள் நிறுவனம், முதிர்ந்த மின்கலமுடைய தன் கருவிகள் திடீரென அணைந்து போகாதிருக்கும் பொருட்டு அவற்றின் வேகத்தைத் தான் குறைத்து வந்ததை ஒப்புக்கொண்டதும், அதன் மேல் எழுந்த கூச்சலும் உலகறிந்தவை.

ஆகவே, இரண்டு மூன்று ஆண்டுகள் பாவித்த கருவியில் காணும் ஒன்பது வீதம், ஒன்பது வீதம் அன்று. அதனை நம்பி இருக்கலாகாது.

இரண்டு அழைப்புகள்

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அவசர அழைப்பு என்பது ஒரு அழைப்பு என்றே நாமெல்லோரும் கருதுகின்றோம். அது பிழை. அது குறைந்தபட்சம் இரண்டு அழைப்புகள். முதலாவது, நாம் உதவி கேட்பது. இரண்டாவது, உதவி எம்மைத் தேடி வந்து, “எங்கே இருக்கின்றீர்கள்?” என்று கேட்பது. நகரத்தில் வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் இருப்பதனால் இரண்டாவது அழைப்பு இல்லாமலும் காரியம் நடக்கலாம். தோட்டத்திலோ, ‘கீழ்ப் பிரிவு, மூன்றாம் லயம், கோயிலுக்குப் பக்கம்’ என்பதே முகவரி. இரண்டாவது மணி ஒலிக்காவிட்டால் முதலாவது அழைப்பு பாதி வீண்.

முற்காலத்தில் இக்கவலை பட்டணத்துத் தொலைபேசிக்கு இருந்ததில்லை. கம்பித் தொலைபேசி தனக்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டிலிருந்து பெறாது, தொலைபேசி நிலையத்தில் அடுக்கப்பட்டிருந்த பெரிய மின்கலங்களிலிருந்து அதே கம்பி வழியாகப் பெற்றது. ஊர் முழுதும் இருளில் மூழ்கிய போதும் அது பேசும். 1937ஆம் ஆண்டு லண்டனில் உலகின் முதலாவது அவசர எண்ணாகிய 999 ஏற்படுத்தப்பட்ட போது, தீயணைப்பு நிலையத்தை அழைத்தவர் வரிசையில் காத்திருக்க நேரும் கொடுமையை நீக்குவதே நோக்கமாயிருந்தது; அழைப்பவரின் கருவிக்கு மின்சாரம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. இன்று எண்கள் பல உண்டு. இலங்கையில் பொலிசாருக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. 2016இல் இந்திய அரசின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகிப் பின்னர் நாடெங்கும் பரவிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990. எண்களை அரசு தந்துவிட்டது. மின்சாரத்தைக் காக்கும் பொறுப்போ, நிலையத்திலிருந்து எமது குசினி மூலைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இவ்விடத்தில் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. சில வேளைகளில் திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்ற வாசகம் தோன்றும். எமது நிறுவனத்தின் கோபுரம் எட்டவில்லை, வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டுகின்றது என்பது அதன் பொருள். அந்நிலையில் அவசர எண் எனக் கருவி அறிந்த எண்ணை மட்டும் அந்த அந்நியக் கோபுரம் ஏற்றுக்கொள்ளும். 112 என்ற எண்ணைக் கைத்தொலைபேசிகள் பிறவியிலேயே அவசர எண்ணாக அறியும். சிம் அட்டை இல்லாத கருவிக்கென அனைத்துலகத் தரவிதியில் குறிக்கப்பட்ட எண்களுள் 119, 110 ஆகியனவும் உள. 1990 போன்ற எண்ணைக் கருவி சாதாரண எண்ணாகவே கருதி மறுத்துவிடக்கூடும். ஆதலால் 1990 கிட்டாதபோது 119ஐ முயன்று பார்த்தல் வேண்டும். மேலும், அந்நிலையிலுள்ள கருவிக்கு வெளியிலிருந்து எவரும் திருப்பி அழைக்க முடியாது. அங்கு இரண்டாவது மணி ஒலிக்கவே மாட்டாது. ஆகவே இடம், வழி, அடையாளம், ஆட்களின் தொகை யாவற்றையும் முதல் அழைப்பிலேயே சொல்லி முடித்தல் வேண்டும். மறுமுனையில் உள்ளவர் போதும் என்று சொல்லும் வரை இணைப்பைத் துண்டிக்கலாகாது.

நம்பத்தகாத இரண்டு உபாயங்கள்

கைக்குக் கை பரவும் இரண்டு கதைகளை வாசகர்கள் கேட்டிருப்பர். முதலாவது, மின்கலம் தீரும் வேளையில் *3370# என்று அழுத்தினால், உள்ளே ஒளித்து வைக்கப்பட்ட ஐம்பது வீத மின்னேற்றம் வெளிப்படும் என்பது. அப்படி ஒளித்து வைக்கப்பட்ட செல்வம் எதுவும் இல்லை. இது பழைய நொக்கியா கருவிகள் சிலவற்றில் குரலின் தரத்தை உயர்த்துவதற்கு அமைந்த கட்டளை. அதனால் மின்கலம் உண்மையில் விரைவாகவே தீர்ந்தது.

இரண்டாவது, ஆபத்தில் சிக்கி மின்கலம் தீரும் வேளையில் குரற்பெட்டியின் வரவேற்புச் செய்தியை மாற்றி, இருப்பிடத்தைப் பதிந்து வைத்தால், கருவி அணைந்த பின்னரும் தேடுவோர் அதனைக் கேட்பர் என்பது. கேட்க அழகாயிருக்கின்றது. ஆனால் செய்தியை மாற்றுவதற்கே சமிக்ஞையும் மின்னேற்றமும் வேண்டும். அவை இரண்டும் இருக்கும்போது நேரே 119ஐயோ 1990ஐயோ அழைத்தல் அன்றோ அறிவுடைமை!

இவற்றுக்கு மாறாக, மெய்யாகவே உதவும் எளிய சாதனம் குறுஞ்செய்தி. பேசுவதற்குக் கோபுரத்துடன் தொடர்ந்த இணைப்பு வேண்டும்; குறுஞ்செய்திக்குச் சில வினாடி போதும். எமது மாணாக்கர் ஒரு கணக்கையும் மனத்திற் கொள்க. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடம் உண்டு. தமிழில் 70 மட்டுமே. அதிலும் ‘ண்’ என்பது எழுத்தும் புள்ளியுமாக இரண்டு. எழுபதைத் தாண்டினால் ஒரு செய்தி இரண்டாகப் பிரிந்து செல்லும். ‘மண்சரிவு. 3ஆம் லயம். 5 பேர். இருவர் காயம். வழி மூடியது.’ என்பது எழுபதுக்குள் அடங்கிவிடும். நலம் விசாரிப்பும் புலம்பலும் பின்னர் ஆகட்டும்.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

மேற்கூறியவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சிலவே.

மழை எச்சரிக்கை வந்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, கருவியை நிரப்பி வைத்தல் வேண்டும். எமது பாட்டிமார் பொழுது சாயுமுன் சிமிழி துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து விளக்கை ஆயத்தம் செய்தனர். எண்ணெய் தீர்ந்த பின் இருட்டில் போத்தலைத் தேடுவதை அவர்கள் மடமை என்று அறிந்திருந்தனர்.

வெளிச்சத்துக்கு லாந்தரோ தனி டோர்ச்சோ இருக்கட்டும். தொலைபேசியைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்க. திரையின் ஒளியைக் குறைத்து, இணையத் தொடர்பை நிறுத்தி, மின்சேமிப்பு நிலையில் இடுக.

வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்றை அணைத்து வைக்க. ஒரு கருவியே இருந்து, சமிக்ஞையும் இல்லையாயின், அதனை விமானப் பயண நிலையில் இட்டு, சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்குச் சென்ற பின் திறக்க. வீணே தேடிக் களைக்காது. ஆனால் ஒன்றை மறவற்க: உதவி கோரி அழைத்த பின் அக்கருவியை அணைப்பதோ விமானப் பயண நிலையில் இடுவதோ கூடாது. அதன் பின் அது இரண்டாவது மணிக்காகக் காத்திருக்கும் காவலாளி. உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டுமாயின் அயல் வீட்டுக் கருவி சொல்லட்டும். முதல் அழைப்பிலேயே, “இதில் சார்ஜ் குறைவு, கிடைக்காவிட்டால் இந்த எண்ணுக்கு எடுங்கள்” என்று அயலவர் ஒருவருடைய எண்ணையும் கொடுத்துவிடுதல் மிக நன்று.

மின்சாரம் வராத நாட்களில், லயத்தடியில் நிற்கும் முச்சக்கர வண்டியின் மின்கலத்திலிருந்து, ஏற்ற பொருத்தி கொண்டு, கருவிக்கு மின்னேற்றலாம். பவர் பேங்க் ஒன்றை நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கினாலும் பழுதில்லை.

இறுதியாக, கருவி எத்தனை நல்லதாயினும், வண்டி வரும் சந்திக்கு ஓர் ஆளை விளக்கோடு அனுப்பி வையுங்கள். அன்று அந்தச் சிறுவன் செய்த காரியத்தை எந்தக் கருவியும் செய்யவில்லை. அவன் அன்று முதல் வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கின்றான் என்று தாயார் பெருமையோடு சொன்னார். மாலையில் பாடப்புத்தகத்தை விரிக்குமுன், தொலைபேசியில் எத்தனை வீதம் இருக்கின்றதென்று பார்த்து, ஐம்பதிற் குறைந்தால் மின்னேற்றியில் மாட்டிவிடுவானாம். அருகே, நிரப்பிய லாந்தர் ஒன்றும் ஆணியில் தொங்குகின்றது.

பிறந்த குழந்தைக்கு இப்போது தவழும் பருவம். மின்னேற்றிக் கம்பியைப் பிடித்து இழுப்பதே அதற்கு விளையாட்டு. “அதைத் தொடாதேடா கண்ணு, அது ஒன்னைக் கூட்டிட்டு வந்த போனு” என்று பாட்டியார் அதட்டுகின்றார். அழைத்து வந்தது போனா, மாமனின் லாந்தரா என்ற வழக்கு அவ்வீட்டில் இன்னும் தீரவில்லை.